சர்க்கரை இருக்கிறது

கிளவுஸ்தாலுக்கு மேலே
மலை முழுக்க ஊசியிலை மரங்கள் நிற்கின்றன, செத்து.
பட்டைவண்டு ஏறி மூன்று கோடை ஆயிற்று.
யாரும் எடுத்து அடக்கவில்லை;
அவ்வளவு கட்டைக்கு ஆள் ஏது.
அதில் இரண்டு மூட்டைச் சில்லுகள்
எங்கள் கூடத்துக்கு வந்தன, திங்கட்கிழமை, நனைந்து.

சில்லு என்றால் தீப்பெட்டி அளவு.
உலர்த்தி எடுத்தால் கையில் கனமே இல்லை.
உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை,
சங்கிலி சங்கிலியாக,
கை கோத்து, வாய் பொத்தி.

அதைச் சுற்றி லிக்னின்.
வைரம் பாய்ந்த கட்டை என்போமே,
அந்தப் பிடிவாதத்தில் பாதி இதுதான்.
நொதியை அப்படியே ஊற்றினால்
பந்திக்கு வந்தவனை வாசலிலேயே
பேச்சில் மடக்கும் பெரியப்பா மாதிரி
பிடித்து உட்கார வைத்துக்கொள்ளும்.
மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும்
அவன் இலையில் கை வைத்திருக்க மாட்டான்.

அதனால் முதலில் சமையல்.
நூறு பங்கு மரத்துக்குக் கந்தக அமிலம் ஒன்று,
பைசல்பைட் உப்பு எட்டு.
நூற்றெண்பது டிகிரி. அரை மணி.
பானைக்குப் பொறுப்பு தெத்லெவ் ரூமன்.
பேச்சு குறைவு. அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து
மூடியின் மனசைச் சொல்வார்.
அவருக்குச் சர்க்கரை இருக்கிறது.
(இந்த நாட்டிலும் நோயை அப்படித்தான் சொல்கிறார்கள்.)

இரண்டு தடவை கெட்டது.
ஒருமுறை சூடு மிஞ்சிப்போய், திறந்ததும்
கருகிய பாதாம் வாசம் கூடத்தை நிறைத்தது.
நல்ல வாசம்தான்.
எங்களுக்கு வர வேண்டிய சர்க்கரை
காற்றில் போகும் வாசம்.
"கேக்" என்றார் தெத்லெவ்.
ஜன்னலைத் திறந்தார்.

மூன்றாவது பானை
டிகாக்‌ஷன் நிறத்தில் சாறு விட்டது.
கந்தகம் ஒட்டியதும் லிக்னின்
தண்ணீரோடு சிநேகமாகிவிடும்;
கொஞ்சம் கரைந்து வெளியேறும்,
மீதிக்கு
யாரையும் பிடித்து வைக்கும் ஆசை விட்டுப்போகும்.
சில்லு பார்க்க இன்னும் சில்லாகத்தான் இருந்தது.
கையுறை விரலால் அழுத்தினேன்.
ஊறிய அவல்.

ஞாயிறு இரவு.
ஐம்பது டிகிரியில் குடுவைகள்
எழுபத்திரண்டு மணி நேரம் ஆடி முடித்திருந்தன.
அளக்கும் இயந்திரம் பழுது.
சரிசெய்யும் ஆள் செவ்வாய்தான் வருவானாம்.
நான் மூன்றாவது முறையாகக் கூடத்தை நடந்து முடித்தபோது
தெத்லெவ் சட்டைப் பையிலிருந்து
தன் குளுக்கோஸ் மீட்டரை எடுத்து
மேசையில் வைத்தார்.

முதல் பட்டை: வேகாத சில்லின் தண்ணீர்.
எண் இல்லை. 'லோ' என்று மட்டும்.
இரண்டாவது: மூன்றாம் பானை.
எண் இல்லை. 'ஹை'.
இருபது மடங்காகக் கலக்கி இன்னொரு பட்டை:
முந்நூற்றுப் பன்னிரண்டு.
இருபதால் பெருக்கினேன், உதடு அசைய.
லிட்டருக்கு அறுபது கிராமுக்கு மேல்.
நம்பாமல் நான்காவது பட்டை.
முந்நூற்றெட்டு.

கலக்காத கணக்கை அவரும் போட்டிருக்க வேண்டும்.
"மனுஷனுக்கு இது வந்தால்
ஆம்புலன்ஸ் வேண்டாம்,
பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டும்" என்றார்.
சிரித்தாரோ என்னவோ, மீசை மறைத்தது.

வெளியே மூடுபனி.
இதனால் அந்த மலை பச்சையாகாது, தெரியும்.
லாரிக்கு டீசல், அமிலத்துக்கு விலை,
கறுப்புச் சாற்றை எங்கே ஊற்றுவதென்று
புதன்கிழமைக் கூட்டம் வேறு.
ஆனாலும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
கலங்கல் தண்ணீர். வேறொன்றும் தெரியவில்லை.

தெத்லெவ் ஐந்தாவது பட்டையைச் செருகி
விரல் நுனியில் குத்திக்கொண்டார்.
திரையைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.
கொண்டுவந்த ரொட்டியில் ஒரு பாதியை
மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

செலவுப் படிவத்தில் நான் எழுதியது:
சோதனைப் பட்டைகள், ஐந்து.